“எல்லோரும் பாடுங்கள்!” – கிதாரோடு ஜெபக்கூடத்துக்குள் போன பெண்

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கையில் ஆரஞ்சுப் பழம் இருக்கிறது. ஒரு ஹார்லிக்ஸ் புட்டியும் இருக்கிறது. கட்டில் அருகே போய் நிற்கிறோம். “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறோம்.

அதற்கு மேல் என்ன பேசுவது?

வார்த்தை வருவதில்லை. சுவரைப் பார்க்கிறோம். கடிகாரத்தைப் பார்க்கிறோம். டாக்டர் கையை விரித்துவிட்ட நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம். “எல்லாம் சரியாய்ப் போய்விடும்” என்று சொல்லி வைக்கிறோம். சரியாய்ப் போகாது என்று நமக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் பொய் சொல்லாமல் என்ன சொல்லலாம்?

ஒரு பெண் இதற்கு வழி கண்டுபிடித்தார். அவர் டாக்டர் அல்ல. மத குருவும் அல்ல. கிதார் வாசித்துப் பாடிய ஓர் அமெரிக்க யூதப் பெண். பெயர் டெபி பிரீட்மன். அவர் கொடுத்த மருந்து ஒரு பாட்டு!

இன்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான யூத ஜெபக்கூடங்களில் வாரந்தோறும் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஆனால், அந்தப் பெண் ஜெபக்கூடத்துக்குள் கிதாரைக் கொண்டு போனபோது எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. “இது சங்கீதமா? பிள்ளைகள் முகாமில் பாடும் பாட்டு அல்லவா!” என்று முகம் சுளித்தவர்கள் பலர்.

யார் சொன்னது சரி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நோட்டுப் படிக்கத் தெரியாதவர்

டெபி 1951-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் யூடிக்கா என்ற ஊரில் பிறந்தார். முழுப் பெயர் டெபோரா லின் பிரீட்மன். அவர் சிறு பெண்ணாய் இருக்கும்போதே குடும்பம் மின்னசோட்டா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே செயின்ட் பால் நகரில் வளர்ந்தார்.

மின்னசோட்டா என்றதும் இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். 2016-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன், அதே மாநிலத்தில் 1941-இல் பிறந்தவர். அவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைதான்.

1960-க்குப் பிறகு அமெரிக்க இளைஞர்களை ஒரு புது இசை பிடித்துக்கொண்டது. பழைய நாட்டுப்பாடல் ஒரு பக்கம். ராக் இசையின் வேகமான தாளம் ஒரு பக்கம். இரண்டும் கலந்த இசை அது. அதற்கு ‘போக் ராக்’ என்று பெயர். ஒரு கிதார் போதும். தெருவிலும் பாடலாம், திடலிலும் பாடலாம். யுத்தம் வேண்டாம் என்று பாடினார்கள். கறுப்பு மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று பாடினார்கள். ஜோன் பேயஸ் பாடினார். ‘பீட்டர், பால், மேரி’ என்ற மூவர் குழு பாடியது. கேட்டவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

டெபியும் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர். கிதாரைத் தாமே பழகிக்கொண்டார். முறையான சங்கீதப் படிப்பு இல்லை. இசைக் குறிப்பை வாசிக்கவும் தெரியாது. காதால் கேட்பார்; வாயால் பாடுவார். அவ்வளவுதான்!

இப்படிப்பட்டவர் பிற்காலத்தில் ஒரு பெரிய இசைப் பள்ளியில் ஆசிரியர் ஆனார் என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

வாய் மூடிய கூடம்

யூதர்களின் தொழுகையில் பாட்டு புதிதல்ல. வேதத்தை ராகத்தோடுதான் வாசிப்பார்கள். ஜெபத்தையும் ராகத்தோடுதான் சொல்லுவார்கள். அதை நடத்துவதற்கென்றே பயிற்சி பெற்ற ஜெபப் பாடகர் ஒருவர் இருப்பார்.

யூதர்களில் சீர்திருத்தப் பிரிவு என்று ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வளர்ந்து, அமெரிக்காவில் பெரிதாய்ப் பரவிய பிரிவு அது. அந்தக் காலத்தில் வியன்னாவில் சால்சர், பெர்லினில் லெவாண்டோவ்ஸ்கி என்று பெரிய இசை மேதைகள் இருந்தார்கள். அவர்கள் ஜெபங்களுக்குக் கம்பீரமான இசை அமைத்தார்கள். சீர்திருத்தக் கூடங்களில் ஆர்கன் வாத்தியம் வந்தது. தேர்ந்த பாடகர்களின் குழு வந்தது. கேட்க மிக அழகு!

ஆனால் ஒரு குறை. பாடகர் குழு பாடியது. குரு பேசினார். மற்றவர்கள்? உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

கல்யாண வீட்டில் சாப்பாடு பரிமாறாமல், சமையல்காரர் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது டெபிக்கு. ஒருநாள் தொழுகைக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பது தமக்கு உறைத்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கூடத்துக்கு வெளியே இதே இளைஞர்கள் என்ன செய்தார்கள்? கிதாரைச் சுற்றி உட்கார்ந்து தொண்டை வற்றும் வரை பாடினார்கள். வெளியே பாடுகிற வாய் உள்ளே ஏன் மூடிக்கொள்கிறது? இதுதான் டெபி கேட்ட கேள்வி.

பஸ்ஸில் பிறந்த மெட்டு

ஒருநாள் டெபி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். அப்போது மனதில் ஒரு மெட்டு ஓடியது. நல்ல மெட்டு. ஆனால், பாடுவதற்குச் சொல் இல்லை.

யூதர்கள் தினமும் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. கடவுளை முழு இருதயத்தோடு நேசிக்க வேண்டும், அதைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும் என்று சொல்லும் வேதப் பகுதி அது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தச் சொற்களை டெபி தம் மெட்டில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாய்ப் பொருந்தியது!

அதை யூத இளைஞர் கூட்டம் ஒன்றில் கற்றுக்கொடுத்தார். பல தடவை சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஜெபம்தான். ஆனால், இப்போது பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு பாடினார்கள். சிலர் கண்ணில் நீர்! டெபிக்கே வியப்பு. இந்தச் சொல் தங்களுடையது என்று அன்றுதான் அந்தப் பிள்ளைகள் உணர்ந்தார்கள்.

அமெரிக்க யூதப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் முகாம்களுக்குப் போவார்கள். ஏரிக்கரை, மரக் குடிசை, கூட்டுச் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் பாட்டு. டெபி அந்த முகாம்களில் பாட்டுத் தலைவி ஆனார். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு முகாமில் பல கோடைக் காலங்கள் பாடினார்.

பாட்டுத் தலைவியின் வேலை தனியாகப் பாடிக் கைதட்டல் வாங்குவதல்ல. ஒரு வரி பாட வேண்டும். பிள்ளைகள் திருப்பிப் பாட வேண்டும். மறுபடி ஒரு வரி. மறுபடி ஒரு பதில். புத்தகம் வேண்டாம். எழுத்து வேண்டாம். காதும் வாயும் போதும். ஐந்து நிமிஷத்தில் ஐம்பது பேருக்குப் பாட்டு மனப்பாடம்!

1972-இல் டெபியின் முதல் இசைத்தட்டு வந்தது. அப்போது அவருக்கு வயது 21. வார ஓய்வு நாளான சபத் ஜெபங்களுக்குப் புது மெட்டுகள் அதில் இருந்தன. அதற்குப் பின் சுமார் 40 வருஷங்களில் 20-க்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் வந்தன. முகாமில் பாடிய பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். அப்பா அம்மாவோடு ஜெபக்கூடம் போனார்கள். “இங்கே ஏன் அந்தப் பாட்டு இல்லை?” என்று கேட்டார்கள்.

கேள்வி கேட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். சிலர் ஆசிரியர் ஆனார்கள். சிலர் ஜெபப் பாடகர் ஆனார்கள். சிலர் குருவே ஆகிவிட்டார்கள்! கூடத்தின் கதவு இப்படித்தான் திறந்தது.

எதிர்ப்பு

இனி எதிர்த்தவர்கள் பேச்சையும் கேட்போம். ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல.

யூத ஜெபத்துக்குப் பழைய ராக முறை ஒன்று உண்டு. ‘நூஸாக்’ என்று அதற்குப் பெயர். சாதாரண நாளுக்கு ஒரு ராகம். சபத் நாளுக்கு ஒரு ராகம். பெரிய பண்டிகைக்கு வேறு ராகம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இன்றைக்கு என்ன நாள், இது காலையா மாலையா என்று சொல்லிவிடலாம். தலைமுறை தலைமுறையாய் வந்த சொத்து.

அதைக் கற்க வருஷக்கணக்காகும். கற்ற ஜெபப் பாடகர்கள் கேட்டார்கள்: “எல்லா நாளும் ஒரே மாதிரி கிதார் பாட்டு என்றால் பழைய ராகம் என்ன ஆகும்? சுலபமானது வந்து அருமையானதைத் துரத்திவிடாதா? கூடத்துக்குள் வந்தால் ஒரு பயபக்தி வேண்டாமா?”

இது பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இதில் உண்மை இருக்கிறது. பாடுவோர் இல்லாமல் போனால் ஒரு ராகம் ஒரே தலைமுறையில் செத்துவிடும். பிறகு ஏட்டில்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கூட்டமே வாய் மூடிக்கொண்டிருந்தால் அந்த ராகம் எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? ஒரே ஒருவர் தொண்டையில் மட்டும் வாழும் பாட்டு, அவரோடு போய்விடும் அல்லவா? ஆயிரம் பேர் தொண்டையில் இருக்கும் பாட்டுக்குச் சாவு இல்லை. முதலில் ஜனங்கள் பாடட்டும். பாடப் பழகியவனுக்குத்தான் அருமையான ராகத்தின் அருமை தெரியும். பாடாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சுலபம் என்பது மட்டம் என்று அர்த்தமல்ல. குழந்தைக்கும் புரியும்படி பேசுவதுதான் கஷ்டம். எல்லோரும் பாடும்படி மெட்டுப் போடுவதும் அப்படித்தான்.

தாய்மார் எங்கே?

டெபியின் முதல் இசைத்தட்டு வந்த அதே 1972-இல் இன்னொரு சம்பவமும் நடந்தது. சாலி பிரீசாண்ட் என்ற பெண், யூத குருவாகப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் யூத மதக் கல்லூரி ஒன்று ஒரு பெண்ணைக் குருவாக்கியது அதுவே முதல் தடவை. 1975-இல் பார்பரா ஆஸ்ட்பெல்ட் என்ற பெண் ஜெபப் பாடகராகப் பட்டம் பெற்றார். அதுவும் முதல் தடவை. பெண்கள் ஒவ்வொரு படியாய் ஏறிக்கொண்டிருந்த காலம்.

பழைய ஜெபங்களில் ஆபிரகாம் உண்டு, ஈசாக்கு உண்டு, யாக்கோபு உண்டு. தகப்பன்மார் எல்லோரும் உண்டு. தாய்மார் எங்கே? சாராள் எங்கே? ரெபெக்காள் எங்கே? பெற்று வளர்த்தவர்களுக்கு ஜெபத்தில் ஓர் இடம் இல்லையா?

டெபி சண்டை போடவில்லை. பாட்டுப் போட்டார்!

“புறப்பட்டுப் போ” என்று கடவுள் ஆபிரகாமுக்குச் சொன்னதாக வேதம் சொல்கிறது. எபிரேய மொழியில் ஆணுக்குச் சொல்லும் கட்டளை வேறு, பெண்ணுக்குச் சொல்லும் கட்டளை வேறு. டெபியின் பாட்டில் அந்த அழைப்பு பெண்ணுக்கும் வந்தது. அதுபோல, செங்கடலைக் கடந்ததும் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரு எடுத்தாள், பெண்கள் எல்லோரும் அவள் பின்னே ஆடிப் போனார்கள் என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. அதை வைத்தும் டெபி ஒரு துள்ளல் பாட்டுக் கட்டினார். பஸ்கா பண்டிகை விருந்தில் இன்று பல குடும்பங்களில் பாட்டி முதல் பேத்தி வரை அதைப் பாடுகிறார்கள்.

மூன்று நட்சத்திரம்

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் சபத் முடிகிறது. அப்போது யூதர்கள் ஒரு சிறு சடங்கு செய்வார்கள். ‘ஹவ்தாலா’ என்று பெயர். பின்னல் போட்ட மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றுவார்கள். திராட்சரசக் கிண்ணத்தை எடுப்பார்கள். கிராம்பு, பட்டை போன்ற வாசனைப் பொருளை முகர்வார்கள். ஓய்வு நாளை வழியனுப்பி வைப்பார்கள்.

அந்தச் சடங்குக்கு டெபி ஒரு மெட்டுப் போட்டார். அது எங்கும் பரவிவிட்டது. எவ்வளவு தூரம் தெரியுமா? பலர் அதைப் பழங்கால மெட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! பெண் பாடுவதை ஆண்கள் கேட்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் வைதீகப் பிரிவினர் நடுவிலும் அந்த மெட்டு புகுந்துவிட்டது. மெட்டுப் போட்டது ஒரு பெண் என்று தெரியாமலே பாடியவர்கள் எத்தனை பேரோ!

எபிரேய மொழிக்கு 22 எழுத்து. அந்த அரிச்சுவடிக்கும் டெபி ஒரு பாட்டுக் கட்டினார். எழுத்துப் படிக்க உட்காரும் குழந்தைகள் அதைப் பாடியபடியே படிக்கிறார்கள். எழுத்தைக் கண்டு பயந்தவர்களுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும். பாட்டாய் வந்தால் எழுத்தும் பயமுறுத்துவதில்லை.

தன் பெயர் மறைந்து, தன் பாட்டு மட்டும் நிற்பது ஒரு பாட்டுக்காரிக்கு நஷ்டமா, லாபமா? லாபம் என்றே நான் சொல்வேன். தாலாட்டுக் கட்டியவள் பெயர் யாருக்குத் தெரியும்? ஆனால், குழந்தை தூங்குகிறதே!

நோய்க்கு ஒரு பாட்டு

இப்போது முதலில் சொன்ன பாட்டுக்கு வருவோம்.

யூத மதத்தில் நோயாளிக்காகச் சொல்லும் பழைய ஜெபம் ஒன்று உண்டு. ‘மீ ஷெபேராக்’ என்பார்கள். “ஆசீர்வதித்தவர் எவரோ அவர்” என்பது பொருள். நம் முன்னோரை ஆசீர்வதித்த கடவுள் இந்த நோயாளிக்கும் சுகம் தரட்டும் என்ற வேண்டுதல். தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்கும்போது குரு அதைச் சொல்வார். நோயாளியின் பெயரைச் சொல்லி, அவருடைய தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். பல கூடங்களில் அது ஏதோ கடமைக்கு முணுமுணுக்கும் ஜெபமாய் ஆகிவிட்டது.

1980-க்குப் பின் எய்ட்ஸ் நோய் அமெரிக்காவை உலுக்கியது. இளம் வயதுக்காரர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. இந்த நோயாளிகளுக்காக என்ன ஜெபிப்பது? “நோய் தீரட்டும்” என்று சொன்னால் அது வெறும் சொல்லாய் இருந்தது. சும்மா இருந்தால் அது துரோகமாய் இருந்தது.

அந்தக் காலத்தில், 1987-இல், டெபியும் அவர் தோழி திரோரா செட்டல் என்ற பெண் குருவும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார்கள். கலிபோர்னியாவில் ஒரு தோழிக்கு 60 வயது நிறைந்தது. அந்தச் சடங்குக்காக எழுதிய பாட்டு அது. பழைய ஜெபத்தையே எடுத்தார்கள். எபிரேய மொழியும் ஆங்கிலமும் கலந்தார்கள். தகப்பன்மாரோடு தாய்மாரையும் சேர்த்தார்கள். நோய் தீர வேண்டும் என்று கேட்டதோடு நிற்கவில்லை. நம் வாழ்வை நல்லதாக்கிக்கொள்ளத் தைரியமும் வேண்டும் என்று கேட்டார்கள்.

1989-இல் அது இசைத்தட்டில் வந்தது. பிறகு காட்டுத்தீ போலப் பரவியது. 2007-இல் சீர்திருத்தப் பிரிவு புது ஜெபப் புத்தகம் வெளியிட்டது. அதிலேயே இந்தப் பாட்டு ஏறிவிட்டது!

கூடத்தில் இதை எப்படிப் பாடுகிறார்கள் தெரியுமா? முதலில் குரு கேட்கிறார்: “யாருக்காக ஜெபிக்க வேண்டும்?” ஒருவர் எழுந்து தம் தாயின் பெயரைச் சொல்கிறார். இன்னொருவர் நண்பன் பெயரைச் சொல்கிறார். மூலையில் ஒரு கிழவி, மெல்லிய குரலில், பேரன் பெயரைச் சொல்கிறாள். பிறகு கூடம் முழுவதும் சேர்ந்து பாடுகிறது. அவ்வளவுதான் சடங்கு. ஆனால், அந்தக் கிழவி அன்று வீட்டுக்குத் தனியாகப் போகவில்லை. அவள் பேரன் பெயர் இருநூறு பேர் காதில் விழுந்திருக்கிறது.

பாட்டு பொய்த்துவிட்டதா?

இனிமேல் சொல்லப்போவது வருத்தமான விஷயம்.

நோயாளிகளுக்காகப் பாடிய டெபியே நோயாளி ஆனார். நரம்பு சம்பந்தமான நோய். ஏறக்குறைய 20 வருஷம் அவரை வாட்டியது. நடமாடவே கஷ்டமான நாட்கள் உண்டு. ஆனாலும் பாடுவதை விடவில்லை. 1996-இல் நியூயார்க்கில் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்தில் பாடினார். சுகம் வேண்டுவோருக்காகவே நடந்த ஜெபக் கூட்டங்களில் கிதாரோடு உட்கார்ந்தார்.

2011 ஜனவரியில் அவருக்கு நிமோனியா கண்டது. கலிபோர்னியாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி பரவியது. பல ஊர்களில் ஜெபக்கூடங்களில் அவருடைய பெயரைச் சொல்லி, அவர் போட்ட மெட்டிலேயே, அவருக்காகப் பாடினார்கள்.

ஜனவரி 9-ஆம் தேதி டெபி இறந்துபோனார். வயது 59.

அப்படியானால் பாட்டு பொய்த்துவிட்டதா? எழுதியவரையே காப்பாற்றாத பாட்டை ஏன் பாட வேண்டும்? யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

நம் பேச்சில் இரண்டு சொல் உண்டு. ஒன்று குணமாவது. இன்னொன்று தேறுவது. காய்ச்சல் குணமாகிறது. ஆனால் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன குணமாகும்? அவள் தேறுகிறாள். “கொஞ்சம் தேறிவிட்டாள்” என்கிறோம். நடந்தது மாறவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

எபிரேய மொழியிலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அந்த ஜெபத்தில் ‘முழு சுகம்’ என்று கேட்கிறார்கள். அந்த ‘முழு’ என்ற சொல்லும், சமாதானம் என்று பொருள்படும் ‘ஷாலோம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. உடம்பு உடைந்தாலும் மனிதன் உடையாமல் முழுசாய் இருக்கலாம் என்பது அதன் உட்பொருள்.

டெபியின் பாட்டு ‘நோய் போய்விடும்’ என்று சத்தியம் செய்யவில்லை. செய்திருந்தால் அது பொய். மந்திரவாதியின் தாயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இராது. ‘நீ தனியாக இல்லை’ என்று சொன்னது. அது மெய். பாடப் பாட மெய்யாகிற விஷயம் அது. நூறு பேர் ஒருவனுக்காகப் பாடினால் அவன் தனியாக இல்லைதானே?

மருந்து வேண்டாம், பாட்டே போதும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. நோய்க்கு டாக்டர் வேண்டும். மருந்து வேண்டும். டெபியும் ஆஸ்பத்திரியில்தான் சேர்ந்தார். ஆனால், மருந்து போக முடியாத இடம் ஒன்று மனிதனுக்குள் இருக்கிறது. அங்கே போவதற்கு இன்னொரு மனிதனின் குரல்தான் வேண்டும்.

பள்ளியின் வாசலில் ஒரு பெயர்

பிறகு வருவோம் என்றேனே, அந்தக் கதை இதுதான்.

நியூயார்க்கில் ஹீப்ரு யூனியன் கல்லூரியின் புனித இசைப் பள்ளி இருக்கிறது. 1948-இல் தொடங்கிய பள்ளி. சீர்திருத்தப் பிரிவின் ஜெபப் பாடகர்கள் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். ‘முகாம் பாட்டு’ என்று முகம் சுளித்தவர்கள் யார்? அப்படிப்பட்ட படிப்புப் படித்த பெரியவர்கள்தாம்.

2007-இல் அந்தப் பள்ளி டெபியை ஆசிரியராக அழைத்தது. இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாதவர், வாசிக்கத் தெரிந்த மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எதை? கூட்டத்தை எப்படிப் பாட வைப்பது என்பதை!

2011-இல் அவர் மறைந்தபின் அந்தப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். ‘டெபி பிரீட்மன் புனித இசைப் பள்ளி’ என்று ஆனது. வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்ட வீட்டுக்கே அவர் பெயர்!

ஆனால் இதை ஒரு பக்கத்தின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் பழைய ராகத்தையும் படிக்கிறார்கள். கிதார் பாட்டையும் பாடுகிறார்கள். மேதைகள் அமைத்த இசையும் அழியவில்லை. ஜனங்களின் வாயும் மூடவில்லை. சண்டை இப்படி முடிந்தால் அதுவே நல்ல முடிவு. காப்பாற்றுகிறவர்களும் வேண்டும், பகிர்ந்து கொடுக்கிறவர்களும் வேண்டும். பூட்டி வைத்த நெல் விதையாகாது. எல்லாவற்றையும் சமைத்துவிட்டாலும் விதைக்கு மிஞ்சாது.

டெபியை விமர்சித்தவர்கள் ஓர் உண்மையைக் காப்பாற்றினார்கள். டெபி இன்னோர் உண்மையைக் காப்பாற்றினார். எது பெரிது என்று என்னைக் கேட்டால், டெபியின் பக்கமே நிற்பேன். ஏனென்றால், ராகம் மனிதனுக்காக வந்தது. மனிதன் ராகத்துக்காக வரவில்லை.

மறுபடி அந்தக் கட்டில் அருகே போவோம். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டோம். ஹார்லிக்ஸ் புட்டியையும் வைத்துவிட்டோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

“எல்லாம் சரியாய்ப் போய்விடும்” என்ற பொய் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். “வீட்டில் எல்லோரும் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று உங்களுக்குத் தெரியுமா? மெல்லப் பாடுங்கள். குரல் நன்றாய் இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம்.

நோட்டுப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணே அவ்வளவு பேரைப் பாட வைத்தார். நமக்கென்ன வெட்கம்?